மரத்தளத்துக்கு ஸ்டெயின் அடிக்க ஆள் வைக்கிறீர்களா? மதுரை வெயிலை மனதில் வைத்து ஒரு வழிகாட்டி

பால்கனியிலோ மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ மரத்தளம் போட்டவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கோடையில்தான் பாலிஷ் மேஸ்திரியைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் பலகை சாம்பல் பூத்திருக்கும், ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுந்திருக்கும், போட்டபோது அடித்த பளபளப்பு செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும். வருகிறவர் "மறுபடி ஒரு மெலமின் அடிச்சிரலாம் சார்" என்பார். மெலமின் என்பது வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கான பளபளப்புப் பூச்சு. அந்த ஒரு வார்த்தையில் உங்கள் பணம் அடுத்த கோடைக்குள் உரிந்துவிடும்.

மதுரையில் நல்ல பாலிஷ் வேலைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களில் அநேகம் பேர் பழகியது வீட்டுக்குள் இருக்கும் மரத்தில்: பீரோ, கட்டில், பூஜை அறைக் கதவு. நாள் முழுக்க வெயிலில் கிடந்து, மிதிபட்டு, மழையில் நனையும் மரம் வேறு ஜாதி வேலை. அதனால் ஆள் வைக்கும் நீங்களும் கொஞ்சம் விஷயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எந்தப் பூச்சு, எத்தனை கோட், அதற்கு முன் எவ்வளவு தேய்ப்பு என்பதை நீங்கள்தான் முடிவு செய்து சொல்லவேண்டும். அதை மேஸ்திரியிடம் விட்டால், அவர் கைக்குப் பழகியதைத்தான் அடிப்பார்.

ஆளைக் கூப்பிடும் முன் தளத்தைப் பாருங்கள்

முதலில் அது மரம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நத்தம் சாலை, அழகர்கோவில் சாலைப் பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் புது அடுக்ககங்களிலும் மரம் மாதிரியே இருக்கும் டபிள்யூ.பி.சி. பலகை நிறைய வந்துவிட்டது. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிச் செய்தது. பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள். ரேகை ஓடாமல் ஒரே மாவாக இருந்தாலோ, உள்ளே பொந்து பொந்தாக இருந்தாலோ அது டபிள்யூ.பி.சி. அதில் டெக் ஆயில் (வெளித்தள மரத்துக்குள் ஊறிப்போகும் எண்ணெய்ப் பூச்சு) ஊறாது. சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும், ஆள் தேவையில்லை.

மரம்தான் என்றால் எந்த மரம்? தேக்கு, பர்மா தேக்கு, வேங்கை, படாக் எல்லாம் வெளியில் தாங்கும். காரைக்குடிப் பக்கம் இடிக்கும் பழைய வீடுகளில் இருந்து வரும் தேக்கு உத்தரங்களை அறுத்துத் தளம் போட்டவர்களும் உண்டு. அது வைரம் பாய்ந்த மரம், ஆனால் பழைய ஆணித் துளையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். லேசான பச்சை ஓடிய வெளிர் மரமாக இருந்தால் அது மருந்தேற்றிய பைன். பழைய சரக்கில் அந்த மருந்தில் ஆர்சனிக் இருக்கக்கூடும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். தேய்த்த தூளை எரிக்கக் கூடாது, செடிக்கும் போடக் கூடாது.

பிறகு நான்கு சோதனைகள். பத்து நிமிடம்கூட ஆகாது.

ஒரு ஸ்பூன் தண்ணீரைப் பலகையில் ஊற்றுங்கள். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது. ஒரு நிமிடத்துக்குள் ஊறி இடம் கறுத்தால் பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. ஒரு பலகையில் நின்று, பக்கத்துப் பலகையில் ஊறினால் மொத்தமாகத் தேய்க்காமல் மேலே அடிப்பது வீண். திட்டுத் திட்டாகத்தான் வரும்.

செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு கண்ணாடி மாதிரிச் செதில் வந்தால் முன்பு அடித்தது மேலே படலமாக நிற்கும் வகை. அது முழுக்கப் போயாகவேண்டும். சாம்பல் நிற நார் வந்தால் வெயில் தின்ற மரத்தோல், தேய்ப்பில் போய்விடும்.

ஸ்க்ரூ டிரைவர் முனையால் பலகை முனைகளிலும், அடிக்கட்டை தெரிகிற இடத்தில் அதையும் குத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி உள்ளே போனால் அது அழுகல் அல்லது கரையான். பாலிஷ் மேஸ்திரிக்கு முன் ஆசாரி வரவேண்டும். கரையானுக்கு ஸ்டெயின் மருந்தல்ல. தளத்துக்குக் கீழே கரையான் கட்டிய மண் குழாய் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கீழே எங்கே போகிறது என்று கவனியுங்கள். பலகைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கவேண்டும். இடைவெளியில் இலையும் தூசியும் அடைத்து, கீழே தண்ணீர் தேங்கி நின்றால் ஈரம் அடியிலிருந்து ஏறும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த பூச்சு அடித்தாலும் அது கொப்பளித்துத் தள்ளிவிடும். மாடியில் இருந்தால் தண்ணீர் தேங்குவது மரத்தை மட்டுமல்ல, கூரையையும் கெடுக்கும்.

எந்தப் பூச்சு: இங்கேதான் பாதி வேலை கெடுகிறது

மரத்துக்கு உறுதி தரும் நார்களை லிக்னின் என்ற பொருள் பசை மாதிரிப் பிடித்துவைத்திருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்தப் பசையைத்தான் உடைக்கிறது. உடைந்த பசையை மழை கழுவிக்கொண்டு போக, மிஞ்சுவது சாம்பல் நிற நார். நிறமில்லாத, கண்ணாடி போன்ற கிளியர் பூச்சு வழியாக இந்தக் கதிர் உள்ளே போய்விடுகிறது. பூச்சு நன்றாகவே இருக்கும். அதற்குக் கீழே மரத்தின் மேல்தோல் உதிர்ந்துவிடும். பிடிமானம் போன படலம் உரிகிறது. "நல்ல கம்பெனி சரக்குதான், ஆனாலும் உரிஞ்சிருச்சு" என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

ஆகவே மிதிபடும் தளத்துக்கு எங்கள் சிபாரிசு ஒன்றே ஒன்று: மரத்துக்குள் ஊறிப்போகும், நிறமி கலந்த டெக் ஆயில் அல்லது வெளிப்புற டெக் ஸ்டெயின். நிறமி கதிரைத் தடுக்கும்; படலம் இல்லாததால் உரியாது, மெல்ல மங்கும். மங்கியதும் கழுவி, லேசாகத் தேய்த்து, மேலே இன்னொரு கோட் கொடுத்தால் போதும். சுரண்ட வேண்டியதில்லை. மழையில் வழுக்குவதும் குறைவு. நிறம் தேர்ந்தெடுக்கும்போது தேக்கு நிறம் அல்லது நடுத்தரப் பழுப்பு எடுங்கள். கிளியர் வேண்டாம். மிக அடர்ந்த வால்நட் நிறம் படத்தில் அழகாக இருக்கும். சித்திரை மதியத்தில் வெறுங்காலை வைக்க முடியாது.

மற்றவை ஏன் ஆகாது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், மேஸ்திரி கேட்டால் சொல்லவேண்டும். அரக்கைச் சாராயத்தில் கரைத்த பிரெஞ்சு பாலிஷ் தண்ணீர் பட்டால் வெளுக்கும், சூட்டில் இளகும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் மெலமினும் வீட்டுக்குள் நல்லவை. வெளியில் வெயிலில் விறைத்து வெடிக்கும். கடையில் விற்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை மட்டும் அடித்தால் முதல் மாதம் பிரமாதமாக இருக்கும். ஈரம் பட்டதும் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். முந்திரி ஓட்டு எண்ணெய் பழைய வீட்டுச் சட்டங்களுக்கு அடித்தது. அடியில் மறைந்திருக்கும் கட்டைகளுக்கு இன்றும் ஆகும், ஆனால் கால் படும் இடத்துக்கு ஆகாது. கறுப்பு ஏறும், காயாமல் தோலில் பட்டால் கொப்பளிக்கும்.

பி.யு. (பாலியூரித்தேன்) என்று சொல்கிறார்களே? வெளிப்புற பி.யு. கதவுக்கும் ஜன்னலுக்கும் நல்லது. தளத்துக்கு வேண்டாம். நாற்காலி இழுத்துக் கீறல் விழுந்த இடத்தில் தண்ணீர் புகுந்து, படலத்துக்கு அடியில் கறுத்துப் பரவும். அதைச் சரிசெய்ய மொத்தத்தையும் சுரண்டவேண்டி வரும்.

யாரைக் கூப்பிடுவது

பெயின்டர் எல்லா வேலையும் செய்வேன் என்பார். ரோலரில் அடித்துவிட்டுப் போவார். தளம் போட்ட ஆசாரிக்கு மரம் தெரியும், ஆனால் பூச்சு அவர் தொழில் அல்ல. பாலிஷ் மேஸ்திரியே சரியான ஆள், அவரிடம் மூன்று விஷயம் இருந்தால்: சொந்தமாக ஆர்பிட்டல் சாண்டர் (உப்புத்தாள் வட்டு சுழன்று தேய்க்கும் மிஷின்), தூசி உறிஞ்சும் வேக்யூம், வெளியில் செய்த வேலையில் இரண்டு வருடம் பழையது ஒன்று.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். போன மாதம் முடித்த வேலையைக் காட்டுவார்கள். போன மாத வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு கோடை பார்த்த வேலையைக் கேளுங்கள். போனால் மேற்கு வெயில் படும் பக்கத்தையும், பலகையின் வெட்டு முனைகளையும், ஸ்க்ரூ தலைகளைச் சுற்றியும் பாருங்கள். அங்கே உரிந்தோ கறுத்தோ இல்லை என்றால் ஆள் தேறியவர். போட்டோ மட்டும் அனுப்புகிறவரிடம் அதே இடத்தை இன்றைக்கு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பேசும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, டெக் ஆயில் அடிக்கப் போறோம்னா எத்தனை நம்பர் உப்புத்தாள்ல நிறுத்துவீங்க?" 80, 100, கூடிப்போனால் 120 என்று சொன்னால் விவரம் தெரிந்தவர். "220, 320 வரைக்கும் போட்டுக் கண்ணாடியாக்கிருவேன்" என்றால் அவர் பீரோ வேலைக்காரர். அவ்வளவு நைசாகத் தேய்த்தால் மரத்தின் துவாரங்கள் மூடி எண்ணெய் உள்ளே இறங்காது. மேலே நின்று பிசுபிசுக்கும். "எண்ணெய் போட்டபிறகு துடைப்பீங்களா?" என்பது அடுத்த கேள்வி. துடைக்கவே வேண்டாம் என்கிறவரை விட்டுவிடுங்கள்.

அளவும் கூலியும்

கூலி சதுரடிக் கணக்கில்தான் பேசுவார்கள். மேஸ்திரி அளப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை டேப் வைத்து அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 12 அடிக்கு 16 அடித் தளம் என்றால் 192 சதுரடி. பலகை ஓரங்களும் வெட்டு முனைகளும் சேர்த்துச் சுமார் 210 என்று வையுங்கள். கைப்பிடிச் சுவரில் மரக்கம்பி இருந்தால் அதைச் சதுரடியில் சேர்க்காமல் ஓட்ட அடியில் (நீளத்தை மட்டும் அளக்கும் கணக்கில்) தனியாகப் பேசுங்கள். கம்பியில் நேரம் அதிகம் பிடிக்கும், சதுரடியில் அது தெரியாது, பிறகு மனத்தாங்கல் வரும்.

இழைத்த தேக்கில் முதல் கோட்டுக்கு ஒரு லிட்டர் டெக் ஆயில் 80 முதல் 100 சதுரடி வரும். இரண்டாவது கோட் இன்னும் பரவும், 120 சதுரடி வரை. அந்த 210 சதுரடிக்கு முதல் கோட் இரண்டரை லிட்டர், இரண்டாவது ஒன்றே முக்கால் லிட்டர். மொத்தம் 5 லிட்டர் வாங்கினால் கையில் கொஞ்சம் மிஞ்சும். சொரசொரப்பான பழைய மரம் என்றால் கூடுதலாகக் குடிக்கும். சாண்டர் வட்டுகள் 60 நம்பரில் பன்னிரண்டு, 80ல் பத்து, 100 அல்லது 120ல் எட்டு என்ற கணக்கு. பழைய மெலமின் மேலே இருந்தால் வட்டு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், இன்னொரு மடங்கு ஆகும்.

முடிந்தவரை சரக்கை நீங்களே வாங்குங்கள். கூலியை மட்டும் அவருக்குப் பேசுங்கள். சீல் உடையாத டப்பா, தயாரித்த தேதி, எல்லா டப்பாவிலும் ஒரே பேட்ச் எண் பார்த்து வாங்குங்கள். பேட்ச் மாறினால் நிறத்தில் மெலிதாக வித்தியாசம் தெரியும். தளத்தின் நடுவில் அது கோடாக நிற்கும். மேஸ்திரியே சரக்கோடு செய்வதாக இருந்தால் காலி டப்பாக்களை எண்ணி வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

வாய்ப்பேச்சு போதாது. பெரிய பத்திரம் தேவையில்லை; ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் படம் வைத்துக்கொண்டால் போதும். அதில் இருக்கவேண்டியவை:

- எத்தனை சதுரடி, கம்பி எத்தனை ஓட்ட அடி
- பழைய பூச்சு முழுக்க எடுக்கப்படுமா, எப்படி (சாண்டரா, ரிமூவரா)
- உப்புத்தாள் எந்த நம்பரில் தொடங்கி எதில் முடியும்
- பூச்சின் பெயர், நிறம், எத்தனை கோட், இடையே எத்தனை மணி நேரம்
- வெட்டு முனைகளும் பலகை ஓரங்களும் சேர்ந்ததுதான் என்ற வரி
- சுவர், டைல்ஸ், செடி மூடுவது யார் பொறுப்பு
- நடுவில் மழை பெய்தால் மறுபடி தேய்ப்பது கூலிக்குள் அடங்குமா

"வெட்டு முனை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குடிக்கும். அவசரத்தில் மறக்கப்படுவதும் அதுவே.

முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். தேய்ப்பு முடிந்து நீங்கள் பார்த்தபிறகு பாதி. மீதியைக் கடைசி கோட் போட்டு ஒரு வாரம் கழித்து, கையால் தடவிப் பார்த்துப் பிசுபிசுப்பு இல்லை என்றால் கொடுங்கள். இதையும் தாளில் எழுதுங்கள்.

எந்த மாதம்

தைப் பொங்கல் கழிந்த வாரத்தில் தொடங்கி மாசி முடியும் வரை: இதைவிட நல்ல காலம் மதுரையில் கிடையாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து மரம் உலர்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. பொங்கலுக்கு முன் கேட்டால் ஊர் முழுக்க வெள்ளையடிப்பு. ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் ஓட்டமாக முடிப்பார். மார்கழிப் பனியில் அதிகாலையில் மரம் நனைந்திருக்கும். பங்குனி பிற்பகுதிக்குமேல் பலகை கொதிக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களை ஒட்டி வேலையாட்கள் வரமாட்டார்கள், அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனி, ஆடியில் காற்று. காயாத எண்ணெயின் மேல் புழுதி ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தை, மாசி தவறினால் ஆவணியில் செய்யலாம், காலை வேளையில் மட்டும். மாலையில் இடி மழை வரக்கூடும். தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும்.

வேலை நடக்கும் விதம்

முதல் நாள் கழுவல். நைலான் பிரஷும் மென்மையான சோப்புத் தண்ணீரும் போதும். பிரஷர் வாஷர் கொண்டுவந்தால் 70, 80 பார் அழுத்தத்துக்கு மேல் போகவிடாதீர்கள். விரிந்த நாசில், ஒரு அடி தூரம், ரேகை ஓடும் திசையில். கார் கழுவுகிற வேகத்தில் அடித்தால் மரத்தின் மென்மையான பகுதி பிய்ந்து நார் நாராக நிற்கும்.

ஸ்க்ரூவைச் சுற்றிய கறுப்பு, இரும்பும் தேக்கில் உள்ள டானினும் சேர்ந்து உண்டானது. தேய்த்தால் முழுக்கப் போகாது. ஆக்ஸாலிக் ஆசிட் தூள் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 முதல் 80 கிராம், பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிரஷால் தடவி 15, 20 நிமிடம் விட்டுக் கழுவினால் கறுப்பும் சாம்பலும் வெளுக்கும். அது விஷம், கையுறை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகளும் நாயும் அன்று அந்தப் பக்கம் வரக்கூடாது. மாடியில் செய்கிறீர்கள் என்றால் மழைநீர்ச் சேகரிப்புக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு அந்தத் தண்ணீரை வேறு பக்கம் விடுங்கள். இன்னொன்று: மதுரையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். அதில் உள்ள கால்சியமும் ஆக்ஸாலிக்கும் சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் பலகையில் படியும். கடைசிக் கழுவலுக்காவது நல்ல தண்ணீர் பயன்படுத்தச் சொல்லுங்கள். அந்த ஆசிட் மிச்சத்தோடு தேய்த்தால் தூசி மூக்கில் ஏறும். நன்றாகக் கழுவியபிறகே சாண்டர்.

கறுப்பை எடுத்துவிட்டு அதே இரும்பு ஸ்க்ரூவை விட்டுவைத்தால் அடுத்த மழையில் மறுபடி கறுக்கும். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவாக மாற்றிவிடுங்கள். கடற்கரை ஊர் என்றால் 316 கேட்போம். மதுரைக்கு 304 போதும்.

கழுவியபின் இரண்டு முழு நாள் காயவேண்டும். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வந்தபிறகு தொடங்கலாம்.

அடுத்து எல்லா ஸ்க்ரூ தலைகளும் பலகை மட்டத்துக்கு 2 மில்லிமீட்டர் கீழே இறக்கப்படவேண்டும், இல்லாவிட்டால் சாண்டர் வட்டு கிழியும், தலையில் கீறல் விழும். 60, 80, 100 என்று படிப்படியாகப் போகவேண்டும்; 60 போட்ட வட்டக் கோடுகளை 80 எடுக்கும், அதன் கோடுகளை 100 எடுக்கும். ஒரு படியைத் தாவினால் காய்ந்த மரத்தில் தெரியாத சுருள் கோடு, எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். ஆங்கிள் கிரைண்டரில் வட்டு மாட்டித் தேய்க்க ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். அது பிறை பிறையாகக் குழி பறிக்கும், பிறகு எதனாலும் சமமாகாது.

தூசியை வேக்யூமில் உறிஞ்சி, தேக்கு என்றால் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்கவேண்டும். தேக்கின் சொந்த எண்ணெய் மேலே வந்து நின்றால் பூச்சு பிடிக்காது, காய்வதும் தாமதமாகும். தேய்த்த 24 மணி நேரத்துக்குள் முதல் கோட் போடுவது நல்லது.

மாதிரி பார்க்காமல் மொத்தத்தையும் தொடங்கவிடாதீர்கள். மொத்தத் தேய்ப்புக்கு முன்பே ஓரத்தில் ஒரு சதுரடியை மட்டும் தேய்த்து, இரண்டு கோட் போட்டு, இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டுப் பாருங்கள். டப்பா மூடியில் உள்ள நிறம் உங்கள் மரத்தில் வராது.

பூச்சு அடிக்கும் நேரம் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. முந்தைய நாளே மேலே பச்சை நிழல் வலை கட்டிவிட்டால் பதினொன்று வரை இழுக்கலாம். சூடான பலகையில் எண்ணெய் ஊறுவதற்கு முன் மேலேயே இறுகிவிடும். டப்பாவை அடிவரை நன்றாகக் கலக்கவேண்டும். நிறமி அடியில் படிந்திருக்கும், கலக்காமல் அடித்தால் முதல் பலகை வெளிறியும் கடைசிப் பலகை கறுத்தும் வரும். மூன்று நான்கு பலகைகளை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை ஒரே ஓட்டமாக முடித்துவிட்டு அடுத்த நான்குக்குப் போகவேண்டும். பாதியில் நிறுத்தி டீ குடிக்கப் போனால், காய்ந்த ஓரத்தின் மேல் புது எண்ணெய் ஏறி நிரந்தரக் கோடு விழும்.

போட்ட 15, 20 நிமிடத்தில் ஊறாமல் மேலே நிற்கிற எண்ணெய் முழுவதையும் பனியன் வேஸ்ட்டால் துடைக்கவேண்டும். அடுத்த கோட் டப்பாவில் சொன்ன நேரம் கழித்து, பொதுவாக மறுநாள். அது இன்னும் மெல்லியதாக இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, வீட்டில் எல்லோருக்கும் தெரியவேண்டியது. லின்சீட் போன்ற காயும் எண்ணெய் தோய்ந்த பனியன் வேஸ்ட்டைக் கசக்கி மூட்டையாகப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மேஸ்திரி சாக்கில் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். விடாதீர்கள். ஒவ்வொன்றையும் விரித்துக் காயப்போட்டோ, தண்ணீர் வாளியில் முக்கியோ வைத்துவிட்டுப் பிறகு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

ஒரு நாள் கழித்து மெல்ல நடக்கலாம். நாற்காலி, மேசை, தொட்டி எல்லாம் ஒரு வாரம் கழித்து.

கெட்டுப்போனால் காரணம் எது

ஒரு வாரம் ஆகியும் பிசுபிசுப்பு: அதிகம் போட்டுத் துடைக்காதது, அல்லது மிக நைசாகத் தேய்த்தது. டர்பன்டைன் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். மேலே இன்னொரு கோட் போடுவது நிலைமையை மோசமாக்கும். திட்டுத் திட்டாக நிறம்: பழைய பூச்சு சில இடத்தில் மிஞ்சியது. அந்தப் பலகைகளை மட்டும் முழு நீளத்துக்குத் தேய்த்து மறுபடி போடவேண்டும். திட்டை மட்டும் தொட்டால் தெரியும். ஓரங்களில் கறுப்பு: வெட்டு முனைக்குப் பூச்சு இல்லை. மொத்தமும் சில மாதத்தில் வெளுத்தது: ஒரே கோட், அல்லது கிளியர்.

அதே ஆள் வாசல் கதவையும் தொடுவார் என்றால்

தளத்துக்கு வந்தவரிடம் தலைவாசல் கதவையும் சொல்வது வழக்கம்தான். அங்கே கணக்கு வேறு. கதவுக்கு வெளிப்புற பி.யு. சரி. ஆனால் பி.யு.வையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் டப்பாவில் போட்ட விகிதத்தில் அளவுக் குவளையால் அளந்தே கலக்கவேண்டும், கண்மதிப்பில் அல்ல. பி.யு. தின்னருக்குப் பதில் மலிவான என்.சி. தின்னரை ஊற்றினால் அதில் உள்ள ஆல்கஹால் ஹார்டனரைத் தின்றுவிடும். படலம் இறுகாமல் நகம் பதியும். ஸ்பிரே செய்பவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கக்கூடாது, கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும். அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

நம் வீட்டுக் கதவு முதலில் கெடுவது அடி விளிம்பில். தினமும் வாசல் தெளிக்கிறோம், கோலம் போடுகிறோம், வெள்ளிக்கிழமை நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசுகிறோம். அந்தத் தண்ணீரைப் பூச்சே இல்லாத அடி விளிம்பு குடித்து மேலே ஏற்றுகிறது. கதவைக் கழற்றி அடி விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் இரண்டு கோட் கொடுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் பூசும் நிலைப்படிக்கு எண்ணெய்ப் பூச்சு வேண்டாம், மஞ்சள் உள்ளே ஊறிவிட்டால் பிறகு கறை போகாது. அங்கே மட்டும் பி.யு. படலம் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு

வாரம் ஒருமுறை பெருக்குங்கள். மாதம் ஒருமுறை பலகை இடைவெளியில் அடைத்த இலையைப் பழைய ஹாக்சா பிளேடால் கிளறி எடுங்கள். துளசி மாடமோ பூந்தொட்டியோ நேராக மரத்தில் உட்காரக்கூடாது. கால் வைத்த ஸ்டாண்டில் வையுங்கள், காற்றோடட்டும். ரப்பர் மிதியடியின் அடியில் ஈரம் தங்கிச் சதுரமாகக் கறுக்கும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட் ஃபினாயிலும் வேண்டவே வேண்டாம்.

மேற்கு வெயில் முழுக்க வாங்கும் தளத்துக்கு வருடம் ஒரு கோட் தேவைப்படும். நிழலான பால்கனிக்கு ஒன்றரை இரண்டு வருடம் தாங்கும். தேதியைவிட முதலில் சொன்ன தண்ணீர்ச் சோதனையை நம்புங்கள். ஆவணியில் ஒன்று, பருவமழை முடிந்தபிறகு மார்கழிக் கடைசியில் ஒன்று. தளத்தின் நாலைந்து இடங்களில் சொட்டுவிட்டுப் பாருங்கள். ஊற ஆரம்பித்த உடனே செய்தால் கழுவல், 100 நம்பரில் லேசான கைத்தேய்ப்பு, ஒரு கோட். 200 சதுரடி இரண்டு நாள் வேலை. சாம்பல் பூக்கும்வரை தள்ளிப்போட்டால் முதலிலிருந்து எல்லாம்.

வருட ஒப்பந்தம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசலாம், ஆனால் "வருடம் ஒருமுறை பராமரிப்பு" என்ற மொட்டை வரியை ஏற்காதீர்கள். எந்த மாதம் வருவார், கழுவல் உண்டா, தளர்ந்த ஸ்க்ரூ முடுக்குவாரா, ஒரு கோட்டுக்கான எண்ணெய் யாருடையது என்று நான்கும் இருக்கவேண்டும். மாசி முதல் வாரத்தில் வரும்படி எழுதினால் இரு பக்கமும் வசதி. வேலை முடிந்த அன்று மிஞ்சிய எண்ணெயில் கால் லிட்டரைச் சின்ன டப்பாவில் விளிம்புவரை ஊற்றி இறுக்கி மூடி, பூச்சின் பெயர், நிறம், பேட்ச் எண், தேதி எல்லாவற்றையும் மேலே எழுதி நிழலில் வையுங்கள். நாற்காலி இழுத்த கீறலுக்கு அது போதும். அடுத்த வருடம் வேறு மேஸ்திரி வந்தாலும் எதை அடித்தோம் என்று காட்ட அந்த டப்பா இருக்கும்.